பதில் வராத முதல் படகு

இன்று பின்னேரம் பள்ளிமுனைப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தில் ரேடியோ அன்ரனா மாற்றினேன்.

சங்கத்துக்கு இப்போது தலைவி ஒரு அக்கா. கடலில் நிற்கும் ஒவ்வொரு படகையும் மாலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்குவது அவர் கொண்டுவந்த பழக்கம்.

முதல் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. காத்திருந்தார். அதுவரை படகுக்காரர்கள் கலகலவென்று கதைத்துக்கொண்டிருந்த ரேடியோ சனல் முழுவதும் அடங்கிக் கிடந்தது.

எனக்கு வேறு வேலை இருந்தது. "அக்கா, அன்ரனா ஓகே. அந்தப் போட்டிலதான் ரேடியோ செட் பழுது. அடுத்ததைக் கூப்பிடுங்கோ."

"அது என்ர தம்பியின்ர போட். முந்தி ஒருநாள் கடலுக்குப் போனது, திரும்பி வரேல்லை. அப்ப ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு எண்ண ஆளில்லை. ரெண்டு நாள் கழிச்சுத்தான் தேடினவை."

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

அக்கா அடுத்தடுத்த பெயர்களைக் கூப்பிட்டார்; ஒரு படகைத் தவிர மற்றவை எல்லாம் பதில் தந்தன. உடனே அதற்குப் பக்கத்தில் நின்ற படகை அங்கே போகச் சொன்னார்.

"தலைவிக்குப் பயம் கூடிப்போச்சு," என்று அந்தப் படகிலிருந்து செட்டில் ஒரு சிரிப்பு.

"ஓம், பயம்தான். நீ போட்டைத் திருப்பு."

முக்கால் மணி நேரத்தில் செய்தி வந்தது. பதில் தராத படகில் எஞ்சின் நின்று, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம். மூன்று பேரும் உயிரோடு.

"நாளைக்கும் அந்த முதல் பேரைக் கூப்பிடுவீங்களோ?" என்று கேட்டேன்.

"அதை விட்டால் மற்றதையும் விட்டிடுவினம், தம்பி."

வீட்டுக்கு வந்தும் அந்த அமைதி காதை விட்டுப் போகவில்லை.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் திரும்பி வந்த படகுகளை யார் எண்ணுகிறார்கள்? "தலைவர்" என்று கீழே பதில் எழுதுபவர்கள், இன்று எத்தனை படகு திரும்பியது என்று முதலில் அவரிடமே ஒருதரம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.