குளிர்ஜாக்கெட்டுக்குள் பாம்பு

பாம்பென்றால் எனக்கு உயிர் போகிற பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை யாரும் பாம்புக்காரி என்று நினைக்கக்கூடாது. நோர்வேயில், பியோர்ண்டால் என்ற இடத்தில் எங்கள் படுக்கையறையில், என் சேலை அலுமாரிக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் சின்ன இன மலைப்பாம்பு ஒன்று எட்டு மாதம் குடியிருந்தது. அது முழுக்க என் கணவர் செய்த வேலை.

அவர் திராமன் நகரில் ஒரு பொதிக் கிடங்கில் வேலை செய்தார். கூட வேலை செய்த நோர்வேக்காரன் வெளிநாடு போகிறான், பாம்பைப் பார்க்க ஆளில்லை என்று பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார்.

"உங்களுக்கு விசரே? கரப்பானைக் கண்டாலே கத்திறவள் நான்."

"ரெண்டு கிழமைக்குத்தானப்பா. நீர் அந்தப் பக்கம் பாராமல் இரும், காணும்."

இரண்டு கிழமை மாதங்களாகியும் போனவன் திரும்பவில்லை. எப்படிப் பாராமல் இருப்பது? கடிக்காத இனம், நஞ்சில்லாத இனம் என்று அவர் ஆயிரம் சொன்னார். நான் சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன்.

பாம்பை விடப் பெரிய பயம் வேறொன்று. அந்த வருடங்களில் நோர்வேயில் பாம்பு வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. என் குடியுரிமை விண்ணப்பமோ போய்க் காத்திருந்தது. பொலிசில் என் பெயரில் ஒரு சின்னக் குற்றம் பதிந்தாலும் அது இழுபடும் என்று எல்லாரும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த அக்காவைப் பார்த்துப் பதினொரு வருடம். போர் ஓய்ந்து சமாதானம் என்று ஊருக்குப் பாதை திறந்திருந்தது, எத்தனை நாளைக்கோ தெரியாது. அகதிப் பத்திரத்தோடு ஊருக்குப் போகமுடியாது. நோர்வேப் பாஸ்போர்ட் இல்லாமல் எனக்கு அக்கா இல்லை.

மார்கழியில் பாம்பு சாப்பாட்டை விட்டது. தோல் உரிக்கப் போகிறதாக்கும் என்றார் கணவர். பிறகு தலையை மேலே தூக்கி வைத்தபடியே கிடந்தது. ஒருநாள் சேலை மடிக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. மூச்சு விடும்போது ஒரு சின்னச் சொடுக்கு, அதன் பின்னால் ஒரு இழுப்பு. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். நெஞ்சில் சளி கட்டினால் மூச்சு எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

"உதுக்குச் சளியப்பா. டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

"காட்டினால் பிடிச்சுக் குடுப்பினம். உம்மட விண்ணப்பம் என்னாகிறது?"

நான் போய்ச் சமையலைப் பார்த்தேன்.

அடுத்த நாள் எனக்கு லீவு. அவர் வேலைக்குப் போன பிறகு, எங்கள் வீடுகளில் யாருக்குத் தடிமன் பிடித்தாலும் செய்வதை நானும் செய்தேன். சட்டியில் கொதிதண்ணீர், அதில் தமிழ்க்கடையில் வாங்கிய யூக்கலிப்டஸ் தைலம் ஒரு மூடி. கண்ணை மூடிக்கொண்டு சட்டியைப் பெட்டிக்குள் ஒரு மூலையில் வைத்து, மேலே துவாயால் மூடினேன். நல்லதுதான் செய்கிறேன் என்று மனம் நிறைந்திருந்தது, என் மடமண்டைக்கு!

பத்து நிமிடத்தில் துவாயைத் தூக்கினேன். பாம்பு வாயைப் பிளந்து வைத்திருந்தது. மூக்குத் துளைகளில் நுரை. வாய்க்குள் சளி நூல் நூலாகத் தொங்கியது. கடவுளே, நான் கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டுக் கத்தினேன். கணவருக்கு ஐந்து தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் போன் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும்.

பெட்டியின் பின்பக்கத்தில் நோர்வேக்காரன் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தான், வருத்தம் வந்தால் இந்த மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள் என்று, நம்பரோடு. கூப்பிட்டேன். பெண் குரல். பாம்புக்குச் சளி என்றேன்.

"வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா?"

"விடுகிறது."

"உடனே கொண்டு வாருங்கள். குளிர் மட்டும் படக்கூடாது."

வெளியில் மைனஸ் பன்னிரண்டு. கார் அவரோடு திராமனில். தலையணை உறையைக் கையில் போட்டுக்கொண்டு, "நாகதம்பிரானே, நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்று சொல்லிச் சொல்லிப் பாம்பைத் தூக்கினேன். அதுதான் நான் அதைத் தொட்ட முதல் தரம். வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. குளிர்ந்து, கனமாக, எதிர்ப்பே இல்லாமல் இருந்தது. உறையை முடிந்து, என் குளிர்ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துச் ஜிப்பை இழுத்தேன்.

பஸ்ஸில் அது என் சூட்டுக்கு மெல்ல நெளிந்தது. ஒவ்வொரு நெளிவுக்கும் எனக்குச் சீவன் போய் வந்தது. அது நெளியாமல் விட்டபோது இன்னும் பயந்தேன். பாதி வழியில் டிக்கெட் பரிசோதகர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். என் மாதக் கார்ட் ஜாக்கெட்டின் உள்பொக்கெட்டில், பாம்புக்கு அடியில்! பொலிஸ், விண்ணப்பம், அக்கா, எல்லாம் தலைக்குள் சுற்றியது. கையை உள்ளே விட்டு, உறையைத் தடவி, கார்டை இழுத்தெடுத்தேன். பரிசோதகர் என் வியர்த்த முகத்தைப் பார்த்து, சுகமில்லையா என்று கேட்டார். நெஞ்சுச்சளி என்றேன்.

வைத்தியர் பாம்பின் வாயைத் திறந்து பார்த்து, பஞ்சால் சளி எடுத்தார். பாம்புக்கு இருமத் தெரியாதாம். பெரும்பாலும் வேலை செய்வது ஒரு பக்க நுரையீரல்தான், அதில் சளி சேர்ந்தால் தானாக வெளியே தள்ளாது. தைலத்தைச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். மணமுள்ள எந்தப் புகையும் ஆவியும் அதற்கு ஆகாது என்றார்.

"ஆனால் அது நேற்று வந்த வருத்தமில்லை. பெட்டி எப்போதும் சூடாக இருக்கிறதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு எரிந்துவிடும் என்ற பயத்தில், வெளிக்கிடும்போது எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுப் போகிறவள் நான். பாம்புப் பெட்டியைச் சூடாக்கும் வெப்பத் தட்டின் பிளக்கும் அதில் ஒன்று. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் அதைக் குளிரில் போட்டிருக்கிறேன். திரும்பி வந்து மாட்டிவிடுவேன், அவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிவிட்டு அழுதேன்.

படிவம் வந்தது. பாம்பின் சொந்தக்காரர் பெயர் கேட்டிருந்தது. பேனா என் கையில் அப்படியே நின்றது. வைத்தியர் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"சட்டம் எனக்கும் தெரியும். என் வேலை வைத்தியம். இந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். விலங்கின் பெயரை மட்டும் சொல்லுங்கள்."

ஆறு மாதமாக நாங்கள் அதற்குப் பெயரே வைக்கவில்லை. எனக்கு வாயில் வந்தது என் வீட்டுப்பெயர், அக்கா மட்டும் கூப்பிடுகிற பெயர். அதைச் சொன்னேன்.

மூன்று நாளைக்கு ஒரு ஊசி. கணவர் குத்தினார், நான் பிடித்தேன். பிளக்கின் மேல் 'தொடாதே' என்று நானே எனக்கு எழுதி ஒட்டினேன். காலையும் மாலையும் காதை வைத்து மூச்சைக் கேட்டேன். ஆறு கிழமை அந்தச் சொடுக்குச் சத்தம் குறைவதும் கூடுவதுமாக என்னை வதைத்தது.

கடைசிப் பரிசோதனைக்கும் நான்தான் போனேன். பாம்பை உள்ளே கொண்டுபோனார்கள், நான் நாய்க்காரர்கள், பூனைக்காரர்கள் நடுவில் காத்திருந்தேன். அன்றைக்கும் குடியுரிமைக் கடிதம் வந்திருக்கவில்லை. கதவு திறந்தது. உதவியாளர் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்து என் வீட்டுப்பெயரை உரக்கக் கூப்பிட்டாள். நோர்வேயில் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. செத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நாற்காலியை விட்டு எழும்பாமல் இருந்தேன்.

"நுரையீரல் சுத்தம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம்," என்றாள். யாரும் எழும்பாததைக் கண்டு, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "இந்தப் பாம்பு யாருடையது?" என்று கேட்டாள்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"என்னுடையது," என்று எழும்பினேன்.