அதே சோபாவில் கோச் க்ரோஸ்னர்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கல்லூரிக் கூடைப்பந்துக் கோச் என்றால் பாதி வேலை ஆடுகளத்தில். மீதி, உயரமான பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களின் சோபாவில். இரண்டாவது பாதியில் வெண்டல் க்ரோஸ்னரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. போட்டதைச் சாப்பிடுவார். சுவரில் மாட்டிய படங்களைப் பார்த்துக் கண்கலங்குவார். "உங்க பையன் பட்டம் வாங்குற அன்னைக்கு முதல் வரிசையில உட்கார்ந்து கைதட்டுவேன்" என்பார். பையன் அவர் அணியில் சேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்.

அப்படித்தான் லொரெட்டா ஸ்டக்கியின் மூத்த மகன் எல்டனைப் பிடித்தார். எல்டன் விடுதியில் பெட்டியைப் பிரிப்பதற்குள் தொழில்முறை அணி ஒன்று க்ரோஸ்னரைக் கூப்பிட்டது, அவர் போய்விட்டார். அடுத்து வந்த கோச் எல்டனைக் கடைசிவரை பெஞ்சிலேயே உட்காரவைத்தார்.

போன இடத்தில் க்ரோஸ்னருக்கும் மரியாதை வழிந்தோடவில்லை. அவர் பலகையில் வரைந்த வியூகத்தை நட்சத்திர ஆட்டக்காரர் வியர்வைத் துண்டால் துடைத்துவிட்டுத் தன்னுடையதை வரைந்தார். வேலை போன செய்தியைக் கார் நிறுத்துமிடத்துக் காவலாளிதான் சொன்னார். மறுபடி கல்லூரிக்கே, முன்னதைவிடச் சின்னக் கல்லூரிக்கு, வந்து சேர்ந்தார். இந்த ஆண்டும் தோற்றால் அதுவும் போய்விடும். அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள், ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான டாரியன். எல்டனின் தம்பி.

ஆக, அதே சோபா. லொரெட்டா பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். எதிரே, வேலை பார்க்கும் டயர் கடையின் சட்டையோடு எல்டன்; பக்கத்தில் டாரியன்.

"சொல்லுங்க கோச்," என்றார் லொரெட்டா.

"அம்மா, எங்க அணி ஒரு குடும்பம் மாதிரி..."

"'குடும்பத்தை விட்டு யாராவது ஓடுவாங்களா?'" எல்டன் எடுத்துக்கொடுத்தான். "அடுத்தது அதானே கோச்? அப்புறம் சுவத்துல படத்தைப் பாக்கணும்."

பழக்கதோஷத்தில் க்ரோஸ்னரின் தலை ஏற்கெனவே சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அதை எப்படித் திருப்பிக் கொண்டுவருவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"சும்மா இருடா," என்றார் லொரெட்டா. "கோச், ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். டாரியன் பட்டம் வாங்குற வரைக்கும் இருப்பீங்களா?"

வழக்கமான 'இருப்பேன்' நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எல்டனைப் பார்த்தார். அவன் முகத்தில் கேலி இல்லை; ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"இருப்பேன்னு தோணலம்மா. பெரிய இடம் கூப்பிட்டா போயிடுவேன்."

டாரியன் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தான். தெருவில் இன்னொரு கல்லூரியின் கோச் காரில் காத்திருந்தார்.

"அவரை வரச் சொல்லட்டுமாம்மா?"

"இவர் சாப்பிட்டு முடிக்கட்டும்டா."

மூவரும் பார்த்திருக்க க்ரோஸ்னர் மென்றார். சோபாத் தொழிலில் அவர் உண்மை சொல்லிவிட்டுச் சாப்பிட்ட முதல் சாப்பாடு இதுதான். லொரெட்டா கரண்டியை எடுத்து, "இன்னும் கொஞ்சம்?" என்றார். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.