பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு பள்ளிக்கூடம் நல்லதா இல்லையா என்று சொல்ல அவளிடம் ஒரு வழி இருந்தது. சாயங்காலம் கடைசி மணி அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போய் வாசலுக்கு எதிரே நிற்பாள். வெளியே வரும் பெண்பிள்ளைகளில் தாவணி போட்டவர்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பாள். பாவாடை சட்டை எந்த ஊரிலும் வரும். தாவணி வந்தால்தான், வயசுக்கு வந்த பிறகும் அந்த ஊர் பெண்ணைப் படிக்க விடுகிறது என்று அர்த்தம். கட்டடம், வாத்தியார், பரீட்சை எதையும் அவள் விசாரித்ததில்லை.

அறுபதுகளின் பிற்பாதி. திருச்சுழிக்குத் தெற்கே, மழை பெய்தால் கால் புதையும், பெய்யாவிட்டால் கால் வெடிப்பில் மாட்டும் கரிசலில், ஒரு சின்ன ஊரில் இருந்தோம். நெசவுக் குடும்பங்கள் கொஞ்சம்தான். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். வீட்டுப் பேச்சையும் இங்கே தமிழாக்கியே எழுதுகிறேன். அப்பா குழித்தறியில் சேலை நெய்தார். அம்மா ராட்டையில் நூலைச் சின்னச் சின்னக் குழலில் தாராகச் சுற்றிக் கொடுத்தாள். நான் ஒரே பிள்ளை. ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை. ஓடையில் தண்ணீர் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எதிர்த்திசையில் நடப்பேன். வராவிட்டால் வறண்ட மணலில் அதே திசையில் நடப்பேன். ஐந்தாம் வகுப்பு முடிந்தது. ஊர்ப் பள்ளிக்கூடமும் ஐந்தோடு முடிந்தது. ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் வரும், உலகப் படம் வரும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். முதலில் திருச்சுழி. பள்ளி விட்டது. பையன்கள், பையன்கள், புழுதி. அதற்குப் பின்னால் இரண்டு சடை. தாவணி ஒன்றுகூட இல்லை.

"இங்க வேணாம்" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"இங்க உன்னயச் சேத்தா, நீ வளந்த அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக."

பாலவனத்தத்தில் அம்மாவுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் வந்து இருக்கச் சொன்னார்கள். அம்மா பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம், "அங்க எட்டோட நின்னுபோகுமாம். எட்டு முடிஞ்சதும் மறுபடியும் சட்டி பானையத் தூக்கிட்டு அலையவா?" என்றாள். அப்பா கால் மிதியை நிறுத்தாமல், "நீ என்ன, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாக்குறியா, மாப்பிள்ள பாக்குறியா" என்று சிரித்தார்.

கடைசியாக அருப்புக்கோட்டை. பெண்கள் பள்ளியின் வாசலில் கூடையோடு ஒரு கடலைக்காரி உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. கதவு திறந்ததும் தாவணிகள் வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, நீலத் தாவணிகள் தெரு நிறைய வந்தன. சிரித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, மாங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு. அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஏக்கா, இதுகள்லாம் பெரிய மனுசி ஆனதுகளா?"

கடலைக்காரி உழக்கைக் கவிழ்த்தாள். "பின்ன? சின்ன மனுசிக்கு யாரு தாயி தாவணி போட்டு விடுவா? அந்தா பல்லு எடுப்பா ஒண்ணு வருது பாரு, அதுக்கு நிச்சயம் பண்ணியாச்சு. அப்படியும் பரீட்ச எழுதிட்டுத்தான் கல்யாணம்னு ஒத்தக் கால்ல நிக்குது."

"வீட்டுல விட்டாகளா?"

"விடாம? மாப்பிள்ளையும் அதுக்குள்ள பரீட்ச எழுதி பெயிலாகட்டும்னு விட்டுட்டாக."

அம்மா சிரித்தாள். அவள் தெருவில் நின்று சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடலையைக் கொறித்துக்கொண்டே என் தலையைப் பிடித்து அந்தத் தாவணிகளின் பக்கம் திருப்பி, "பாத்துக்கோ" என்றாள். பார்த்துக்கொண்டேன்.

வீடும் அந்தத் தெருவிலேயே கிடைத்தது. நூல் கொடுத்துச் சேலை வாங்கும் ஒரு முதலாளிக்குச் சொந்தமான லைன் வீடு. பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிர். அவருடைய கணக்குப்பிள்ளை, எப்போதும் குடையை அக்குளில் இடுக்கியிருக்கும் மனிதர், பூட்டைத் திறந்து காட்டினார். முன்னறையில் இரண்டு தறிக்குழிகள். அப்பா ஒன்றில் இறங்கிக் காலைத் தொங்கவிட்டு ஆழம் பார்த்தார். அம்மாவும் கணக்குப்பிள்ளையும் அடுப்படிப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் அங்கே இல்லை. தெருவைத் தாண்டி ஓடிப் பள்ளியின் கம்பிக் கதவில் முகத்தை வைத்து, உள்ளே வேப்பமரத்தடியில் யாரோ ஒரு பெண் உரக்கப் பாடம் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊரில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பிள்ளை படிப்புக்காகத் தறியையே பேர்த்துக்கொண்டு போகிறார்கள். சாமான்களோடு வண்டியில் உட்கார்ந்திருந்த என்னை, ஏதோ நேர்ந்துவிட்ட ஆட்டைப் பார்ப்பதுபோல் பாசமாகப் பார்த்தார்கள். எனக்குக் கர்வமாக இருந்தது.

ஆறாம் வகுப்பு ஒரு வருடம். அதைப் பற்றி நிறைய எழுதலாம். எழுதினால் நிறுத்த முடியாது. உலகப் படத்தில் நீலம் அவ்வளவு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு குடம் தண்ணீருக்குக் கிணற்றடியில் சண்டை நடக்கும் மண்ணிலிருந்து வந்தவள், அந்த நீலத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருப்பேன். டீச்சர், "கடல் கரைஞ்சிரும், கைய எடு" என்பார். முதல் மணி அடித்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பி இரண்டாம் மணிக்குள் வகுப்பில் இருக்கும் ஒரே ஆள் நான்தான். "உனக்கென்ன, பள்ளிக்கூடத்தையே உங்க வீட்டு வாசல்ல கட்டி வச்சிருக்காக" என்று பக்கத்துப் பெஞ்சுக்காரி பொருமுவாள்.

கோடை லீவு விட்டதும் இரண்டாவது குழியின் மேல் தறி ஏறியது.

"லீவுக்கு மட்டும்தான்" என்றாள் அம்மா. "சும்மா வெயில்ல அலையுறதுக்கு ஒரு சேலை நெய்யப் பழகு."

பழகினேன். ஓடித் திரிந்த காலை இடுப்பளவு பள்ளத்துக்குள் இறக்கினேன். மிதித்தால் இழைகள் பிரியும்; தாரை வயிற்றில் வைத்த நாடா குறுக்கே ஓடும்; அச்சை இழுத்து அடித்தால் ஒரு இழை சேரும். மறுபடி மிதி. லீவு முடிந்தது. எதிரே மணி அடித்தது. சீருடையை எடுத்து வைத்தேன். பாவு இன்னும் பாதி கிடந்தது.

"ஏத்துன பாவ அந்தரத்துல விட்டுட்டுப் போகக் கூடாதுத்தா" என்றார் அப்பா. "தறிக்கு ஆகாது. பாவு இறங்கட்டும். மறுநாளே போயிரு. அம்மா டீச்சர்ட்ட சொல்லிட்டா."

இந்த இடத்தில் நெசவு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவில் பல சேலைகள் வரும். ஆனால் பாவு முடிவது என்று ஒன்று உண்மையில் கிடையாது. கடைசி முழம் தறியில் இருக்கும்போதே அதன் ஒவ்வொரு இழையின் நுனியிலும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் முறுக்கிப் பிணைத்து விடுவார்கள். பழசு புதுசை இழுத்துக்கொண்டு வரும். அப்பாவின் தறியில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஓடியது ஒரே பாவுதான் என்றும் சொல்லலாம். இதைத் தவழும்போதே பார்த்தவள் நான். ராட்டைச் சத்தத்தில் தூங்கியவள். இருந்தும் 'பாவு இறங்கட்டும்' என்று அவர் சொன்னபோது, இறங்கும் என்று நம்பினேன்.

நம்பியதால் வேகமாக நெய்தேன். அதுதான் நடந்தது. விடியுமுன் குழிக்குள் இறங்குவேன். சோற்றை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். எதிரே வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிடுவது கேட்கும். என் பேருக்கு முந்தின பேர் வரும், பிந்தின பேர் வரும், நடுவில் ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனத்துக்குள் நான் நாடாவை விடுவேன். இடைவேளையில் பக்கத்துப் பெஞ்சுக்காரி ஜன்னலுக்கு வருவாள்.

"எப்பப் பிள்ள வருவ?"

"இன்னும் ரெண்டு சேலை."

"போன வாரமும் ரெண்டுதான் சொன்ன. உங்க பாவு என்ன, குட்டி போடுதா?"

"இந்த வாரம் முடிச்சிருவேன்."

"முடி. உன் எடத்துல ஒருத்தி உக்காந்திருக்கா. தூங்கித் தூங்கி என் தோளுல விழுறா."

பாவுச் சுருள் மெலிந்துகொண்டே வந்தது. கடைசிச் சேலையும் முடியப்போன நாளில் கணக்குப்பிள்ளை வந்தார். நெய்து மடித்திருந்த சேலைகளை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உன் கைதானா?"

"ஆமாங்க."

"சரிதான். ரெண்டு தறி ஓட்டுனாத்தான் இந்த வீடுன்னு சொன்னப்ப, ஒரு வருசம் பொறுங்க, ஒண்ணுல எம் மக உக்காருவான்னு உங்கம்மா சொல்லுச்சு. இத்தாம் பெரிசு பிள்ள, இது என்னத்த நெய்யப்போகுதுன்னு நெனச்சேன். நீ இம்புட்டு வேகமா நெய்வன்னு சொல்லாம விட்ருச்சே." அப்பாவின் பக்கம் திரும்பினார். "அடுத்த பாவ இப்பவே ஆள்ட்ட குடுத்து விடுறேன். தறி ஆறக் கூடாது."

அப்பா தன் தறியிலிருந்து தலையை எடுக்கவில்லை. நாடாவைத் தவறவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா அங்கே இல்லை; தண்ணீருக்குப் போயிருந்தாள். நல்லவேளை என்று இப்போது தோன்றுகிறது. அன்று அந்த நிமிடத்தில் அவள் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ. வீடு பார்க்க வந்த நாள். கணக்குப்பிள்ளையோடு அவள் நின்ற அதே அடுப்படி. நான் கதவுக் கம்பியில் முகம் வைத்திருந்த அதே நேரம். என் சந்தோஷம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை எதிரே வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் புதுப் பாவு வந்தது. கண் அயர்ந்திருந்த நான் எழுந்து வந்தபோது, என் தறியின் முன் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல். விரலைச் சாம்பலில் தொட்டு, பழைய இழையையும் புது இழையையும் ஒன்றாக வைத்து, ஒரு முறுக்கு. அடுத்தது. ஒரு முறுக்கு. கை பார்க்காமலே செய்தது.

"பாவு இறங்கட்டும்னீங்க."

அவள் அடுத்த இழையை எடுத்தாள்.

"நான் நெய்வேன்னு வீடு பாக்கும்போதே சொல்லிட்டியாமே."

"சொல்லலைன்னா வீடு ஏது?"

"அப்புறம் எதுக்கு ஊர் ஊராப் போயி வாசல்ல நின்ன? எதுக்கு என் தலையப் புடிச்சுத் திருப்பிக் காட்டுன?"

முறுக்கு நின்றது. "நெசமாத்தான் பாத்தேன். உனக்கும் தாவணி போட்டு விடணும்னுதான் நெனச்சேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. பிறகு, ஏறிக்கொண்டது. "ஒரு வருசம் படிச்சேல்ல? அந்த ஊருல இருந்தா அதுவும் கிடையாது."

"ஒரு வருசம் படிக்கவா ஊரக் காலி பண்ணுனோம்?"

"கத்தாத. இழை அத்துப்போகும்."

அவள் பயந்தது இழைக்கு. எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எந்தெந்த ஊரிலோ இருந்துவிட்டேன், யாராரோ எதையெதையோ சொல்லி ஏமாற்றியும் இருக்கிறார்கள். அவையெல்லாம் மறந்துபோகின்றன. அந்த ஒரு வார்த்தை போகவில்லை. அப்பா அடுத்த தறியில் இருட்டு வந்ததுகூடத் தெரியாதவர்போல் நெய்துகொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சத்தம் வந்து வந்து போனது.

மறுநாள் காலை குழிக்குள் இறங்கினேன். போக வேறு இடம் இருக்கவில்லை. ஆனால் கை ஓடவில்லை. நான் ஓட விடவில்லை. ஒரு இழை. நிறுத்தினேன். எதிரே பேர் கூப்பிட்டார்கள். இப்போது நடுவில் மௌனம் வரவில்லை. முந்தின பேரும் பிந்தின பேரும் ஒட்டிக்கொண்டு வந்தன. இன்னொரு இழை. நிறுத்தினேன்.

"என்னத்தா, கை மெதுவாப் போகுது?" என்றார் அப்பா.

"அவசரம் ஒண்ணும் இல்லியேப்பா."

அவர் அறுந்த ஒரு இழையைத் தேட ஆரம்பித்தார். அப்படி ஒன்று அறுந்திருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை கணக்குப்பிள்ளை வந்தபோது ஒரு சேலைகூட முடிந்திருக்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு குழியை எட்டிப் பார்த்தார். "என்னாச்சு? அந்த வேகமெல்லாம் எங்க?"

"பிள்ளைக்குக் காய்ச்சலுங்க" என்றாள் அம்மா, ராட்டையிலிருந்து. "ஒரு வாரமா எந்திரிக்கவே இல்ல."

எனக்காகத்தான் சொன்னாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. ஆனால் அவள் எனக்காகச் சொல்கிறவற்றை நம்புகிற வயதை நான் தாண்டியிருந்தேன்.

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்க" என்றேன்.

கணக்குப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த தாரைப் பார்த்தாள்.