சின்னப்பனும் பாவ்லோவும்

அமீரகத்துப் புஜைராவில், விண்ணப்பம் நிரப்பித் தரும் டைப்பிங் சென்டரில் காத்திருக்கிறேன். எனக்கு முன்னால் மணப்பாட்டுக்காரர் ஒருவர், கப்பல் பட்டறை வெல்டர். பிறந்த மகனுக்கு பாஸ்போர்ட் எடுக்க வந்திருக்கிறார். போனில் இத்தாலியக் குழந்தைப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவர் விரல் ‘பாவ்லோ’வில் இருக்கிறது.

“தலைப்பிள்ளைக்குத் தன் பேர வைக்கணும்னு எங்கப்பா ஒரே பிடி. நான் முடியாதுன்னுட்டேன். பத்து நாளா அவரு என் போனை எடுக்கல. சின்னப்பன்னு வச்சா இங்க ஸ்கூல்ல பிள்ளைய ஓட்டியே கொன்னுருவானுவ.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அண்ணாச்சி, பாவ்லோன்னா பைபிள்ல வர்ற பவுல். லத்தீன்ல சின்னவன்னு அர்த்தம். ஒங்க கோயில்ல பவுலைத்தானே சின்னப்பர்னு சொல்றீங்க?”

விரல் அப்படியே நிற்கிறது. டைப் அடிக்கும் காயல்பட்டினத்து பாய் நிமிர்கிறார். “பேர மாத்தணுமா?”

“எதுக்கு மாத்தணும்? பாவ்லோன்னே அடிங்க பாய்.”

அச்சான தாளை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, வாசலில் நின்று ஊருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்:

“யப்பா, ஒங்க பேரத்தான் வச்சிருக்கேன். இனியாவது போனை எடுங்க.”