கைராசி டாக்டரும் கிரைண்டர் கடைக்காரரும்

உறையூரில் டாக்டர் ஆபிதாவின் நர்சிங் ஹோம் எங்கே இருக்கிறது என்று எந்த ஆட்டோக்காரரையும் கேட்டுவிடாதீர்கள். வழி சொல்வதற்கு முன்னால் தன் வயிற்றைப் பற்றிச் சொல்லுவார். அவருக்குக் குடல்வால், மச்சானுக்குப் பித்தப்பைக் கல், மாமியாருக்குச் சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில் ஒரு கட்டி. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் வண்டி நகரும்.

"கைராசிங்க. அந்தம்மா கை பட்டாலே பாதி சரியாப் போயிடும்" என்று முடிப்பார்.

இந்தக் கைராசி என்ற வார்த்தை மட்டும் ஆபிதாவுக்கு ஆகவே ஆகாது. ராப்பகலாகப் படித்தது, மணிக்கணக்கில் நின்று முதுகு பிடித்துக்கொண்டது எல்லாம் போய், ஏதோ லாட்டரிச் சீட்டு விழுந்தது மாதிரிப் பேசுகிறார்களே என்று எரிச்சல் வரும். "ராசியெல்லாம் இல்லீங்க, சோப்புப் போட்டு நல்லா கை கழுவுறேன், அவ்வளவுதான்" என்பார். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா" என்று அதையும் கைராசியின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள்.

இவ்வளவு பேர் வாங்கியவருக்கு ஆரம்பத்தில் ஈ ஓட்டுகிற பிழைப்புதான். பாலக்கரைத் தையல்காரர் கியாசுதீனின் மகள் டாக்டருக்குப் படித்ததும், பிரசவம் பார்க்கப் போகிறாள் என்று தெருவே முடிவு செய்திருந்தது. அவர் அறுவை சிகிச்சை படித்துவிட்டு வந்து பலகை மாட்டினார். கர்ப்பிணிகள் வந்து தேதி கேட்டார்கள். ஆண்கள் உள்ளே எட்டிப் பார்த்து, நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "சும்மா ஒரு தலைவலி மாத்திரைக்குத்தான் வந்தேன்" என்று திரும்பினார்கள். அந்த வருஷம் உறையூரில் தலைவலிக்குப் பஞ்சமே இல்லை.

நிலைமையை மாற்றியவர் ஸ்ரீரங்கம் ஸௌந்தரராஜ பட்டர். குடல்வால் வெடிக்கிற நிலையில் அவரைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள் பிள்ளைகள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. ஆபிதாவைப் பார்த்ததும் பிள்ளைகள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். பட்டருக்கு அந்தத் தயக்கமெல்லாம் கட்டுப்படியாகாத வலி.

"தாயார் நமக்காக சிபாரிசு சொல்லி புருஷகாரம் பண்ணாம எம்பெருமானே யாரையும் அங்கீகாரம் பண்றதில்லை. நீங்க என்னடா யோசனை பண்றேள்? அம்மா, நீ ஆரம்பி" என்றார்.

பட்டர் பிழைத்தார். கோயில் கைங்கர்யத்துக்குத் திரும்பிய நாளிலிருந்து உத்தர வீதியில் அவர் வேறு எதுவும் பேசியதாகத் தகவல் இல்லை. ஸ்ரீரங்கத்து வயிறுகள் காவிரிப் பாலம் தாண்டி வரத் தொடங்கின. கூடவே பஞ்சாங்கமும் வந்தது. ராகு காலத்தில் கத்தி படக்கூடாது, அஷ்டமி நவமி கூடாது, மார்கழியில் ஏகாதசித் திருவிழாவின் பகல் பத்தும் இராப் பத்தும் முடிகிற வரை கல் பித்தப்பையிலேயே சௌகரியமாக இருக்கட்டும். ரமலான் மாதம் பாலக்கரை வராது. சித்திரைத் தேர் பார்க்காமல் சமயபுரம் வராது. ஆபிதா முதலில் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு, பயம் குறைந்தால் ரத்த அழுத்தமும் குறையும் என்று கண்டுகொண்டு, நோன்பு நேர அட்டைக்குப் பக்கத்தில் பஞ்சாங்கக் காலண்டரையும் மாட்டிவிட்டார். இப்போதெல்லாம் அவரே முந்திக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை மூணு மணி வேண்டாம் மாமி, ராகு காலம்" என்கிறார்.

கைராசியை ஊர் முழுக்கப் பரப்பியதில் பட்டருக்கு அடுத்த இடம் ஆபிதாவின் கணவர் நஸ்ருல்லாவுக்கு. சிங்காரத்தோப்பில் அவருக்கு மிக்ஸி, கிரைண்டர் விற்கும் கடை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கினால் மனைவியைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெட்டியையும் தொடச் சொல்லுவார். "டாக்டரம்மா வீட்லயும் இதே மிக்ஸிதாங்க ஓடுது" என்று வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்வார். வீட்டில் ஓடுவது வேறு கம்பெனி மிக்ஸி என்பது ஆபிதாவுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும்.

கிரைண்டரைத் தூக்கித் தூக்கிக் காட்டியதில் நஸ்ருல்லாவுக்கு ஒரு நாள் அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. குடலிறக்கம். படுத்தால் உள்ளே போகும், நின்றால் வெளியே வரும். மனுஷர் யாரிடமும் மூச்சு விடவில்லை. தொளதொளவென்று ஜிப்பா போட்டுக்கொண்டார், கடைப்பையனை அனுப்பி ரகசியமாக ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊரார் வயிற்றையெல்லாம் பார்த்தே காலம் தள்ளுகிறவரிடம் இந்தச் சாமர்த்தியம் எத்தனை நாள் செல்லும்? நஸ்ருல்லா ஒரு முறை இருமினார். இருமும்போது கை தானாக இடுப்புக்குக் கீழே போனது. ஆபிதா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"எத்தனை நாளா?"

"எது எத்தனை நாளா?"

"ஜிப்பாவைத் தூக்குங்க."

பார்த்துவிட்டு ஆபிதா சொன்னது எளிமையான விஷயம். சின்ன அறுவை சிகிச்சை, இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். விட்டுவைத்தால் ஒரு நாள் குடல் சிக்கிக்கொள்ளும், ரத்த ஓட்டம் நிற்கும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் விக்டரிடம் சொல்கிறேன் என்றார்.

விக்டர் நல்ல சர்ஜன். அவரிடம் போனவர்களும் குணமாகித்தான் வீடு திரும்பினார்கள். ஆனால் ஏனோ யாரும் அதைப் பற்றி ஆட்டோவில் பேசவில்லை.

"விக்டரா? அவருக்குக் கைராசி கிடையாதேம்மா" என்றார் நஸ்ருல்லா. "நீ பண்ணு, இப்பவே படுத்துக்கிறேன்."

"சொந்தக்காரங்களுக்கு நாங்க கத்தி எடுக்கிறதில்லைங்க. புத்தி நிலையா நிக்காது."

"ஊருக்கெல்லாம் பண்ணுவே, கட்டுன புருஷனுக்கு மாட்டியா? வேற யார் கையும் என் மேல படக்கூடாது. அவ்வளவுதான்."

தாம் வளர்த்த கைராசியே தம் மனைவியைச் சிக்கலில் மாட்டிவிட்டது பற்றி அவருக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை. இரண்டு வருஷம் இப்படியே இழுத்தது. ஆபிதா கெஞ்சினார், மிரட்டினார், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தார். ஒவ்வொரு நாளும் அவர் கடைக்குக் கிளம்பும்போது, எதையும் தூக்காதீங்க என்று இவர் வாசல் வரை போய்ச் சொன்னார். இப்படி விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று தெரியாததால் மற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். இவருக்குத் தெரியும்.

போன மாதம் துவாக்குடியில் ஒரு நிக்காஹ். மத்தியானப் பிரியாணியை நஸ்ருல்லா குறை வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு, தாம் பரிசாகக் கொண்டுவந்த கிரைண்டரைத் தாமே மேடைக்குத் தூக்கிப் போனார். இறக்கி வைத்தவர் நிமிரவில்லை. முதலில் வாய்வு என்றார், ஒரு சோடா கேட்டார். ஆபிதா அவரைப் பக்கத்து அறையில் படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தார். புடைப்பு கல் மாதிரி இருந்தது. படுத்தும் உள்ளே போகவில்லை.

காரை விரட்டிக்கொண்டு வரும்போதே ஆபிதா நர்சிங் ஹோமுக்கும் விக்டருக்கும் போன் பண்ணினார். வலியில் முறுக்கிக்கொண்டே நஸ்ருல்லா பேரம் பேசினார்.

"நீதான் பண்ணணும். இல்லேன்னா காரை நிறுத்து, இறங்கிக்கிறேன்."

"இறங்கி எங்க போவீங்க?"

"நீ சரின்னு சொல்லு."

ஆபிதா சரி என்றார். வேறு என்ன சொல்வது?

தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் சுபஸ்ரீ தயாராக இருந்தார். "வயித்துல பிரியாணி அப்படியே இருக்கு மேடம், முழு மயக்கம் வேண்டாம். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரக்க வெச்சிடறேன். தூக்கத்துக்குக் கொஞ்சமாத்தான் குடுப்பேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் திரைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து குறட்டை கேட்டது.

ஆபிதா கை கழுவி, கையுறை மாட்டி, கத்தியை வாங்கினார். எத்தனையோ ஆயிரம் வயிறு பார்த்த கை அது. நடுங்கியது. மூச்சை இழுத்துவிட்டு மறுபடி பார்த்தார், இன்னும் நடுங்கியது. எதிரே நின்ற விக்டர் கையை நீட்டினார். ஆபிதா கத்தியைக் கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கணவரின் தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விக்டரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

விக்டர் தியேட்டருக்குள் கிரிக்கெட் பேசாமல் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அன்று மனுஷர் கத்தரிக்கோல் வேண்டும் என்பதைக்கூடச் சைகையில் கேட்டார், நர்ஸ் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தப்பாக எடுத்துக் கொடுத்தார். சிக்கிய குடல் கறுத்திருந்தது. வெதுவெதுப்பான ஈரத் துணியைப் போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தார்கள். நிறம் திரும்பாவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். ஆபிதா எழுந்து நின்று திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார், ஆனால் பிடித்த கையை விடவில்லை. தெரிந்த துஆவெல்லாம் ஓதினார். விக்டர் துணியை விலக்கினார். குடல் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகிக் கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து நஸ்ருல்லா கட்டிலில் உட்கார்ந்தபடி தர்பார் நடத்தினார். "வேற யாரு, என் வீட்டுக்காரம்மா கைதான். வலின்னு ஒண்ணு தெரியலைங்களே" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பட்டர் தள்ளாத வயதிலும் நேரில் வந்து, "கேக்கணுமா, கைராசியாச்சே" என்று போனார். விக்டர் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார். ஆபிதாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. எந்த நோயாளியிடமும் பொய் சொன்னதில்லை. முதல் பொய்யைச் சொந்தக் கணவரிடமே சொல்லியாயிற்று, அதை அவர் ஊரெல்லாம் கூறு போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்.

தையல் பிரிக்கிற நாள் வந்தது. வீட்டிலேயே ட்ரேயில் கத்தரிக்கோலும் பஞ்சும் எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார் ஆபிதா.

"ஒண்ணு சொல்லணுங்க. அன்னிக்கு ஆபரேஷன் பண்ணது நான் இல்ல. விக்டர்."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நான்தான் முழிச்சிட்டு இருந்தேனே."

"குறட்டை விட்டீங்களே."

"சும்மா விட்டேன். நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீ இன்னும் பயப்படுவேன்னுதான். இத்தனை வருஷமா பக்கத்துல படுத்திருக்கே, பொய்க் குறட்டை எது, நிஜக் குறட்டை எதுன்னு தெரியலை உனக்கு."

ஆபிதாவுக்குக் கோபம் வந்தது. "அப்புறம் ஏன் நான் பண்ணேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறீங்க?"

"கத்தி பிடிச்சது யாருன்னு எவன் கேட்டான்? யார் கை பட்டுச்சுன்னுதானே கேக்கிறாங்க. உன் கை என் கையிலதானே இருந்துச்சு." நஸ்ருல்லா மனைவியின் விரலைத் தொட்டுக் காட்டினார். "என்ன நடுக்கம்மா அது. எனக்கு உசுரு போயிடும்னு ஒரே பயம். உன் கை என் கைக்குள்ள நடுங்குச்சா, என் பயம் போயிடுச்சு."

"டாக்டர் கை நடுங்கினா பயம் அதிகமாகணும்."

"அது டாக்டர் கையா? என் பொண்டாட்டி கை."

ஆபிதா கத்தரிக்கோலை எடுத்து, தையலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு கணம் அப்படியே பார்த்தார். பிறகு அதை ட்ரேயில் போட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

"விக்டர், ஒரு தையல் பிரிக்கணும். நீங்களே கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."