குடும்பத்து மரு

என் நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, பச்சைப் பட்டாணி அளவில் ஒரு மரு உண்டு. இப்போது அதை யாரும் கவனிப்பதில்லை. மலேசியாவின் ஈப்போவில் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அது பள்ளிக்கே பொதுச்சொத்து. போகிறவன் வருகிறவன் எல்லாம் விரலால் அழுத்தி, "டிங் டாங், வீட்டுல யாரு?" என்பான். நான் முடியைக் கண்வரை இறக்கிவிட்டு, அதற்குள்ளிருந்தே உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிப் பொங்கல் விழா நடனத்தில் ஆசிரியை என்னைச் சேர்த்தார். ஆட எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் முடியை வழித்துச் சீவி நெற்றிச்சுட்டி வைப்பார்களாம். சுட்டி நடுவில் தொங்கும். மரு பக்கத்தில் பளிச்சென்று நிற்கும். ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் வந்து அழுதேன். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அப்பா அதட்டிப் பார்த்தார். கடைசியில் அம்மாவின் தம்பியை, என் மாமாவை, வரச் சொன்னார்கள்.

மாமாவுக்கு ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஊரில் மற்ற மாமாக்கள் மீன் பிடிக்கப் போன நேரத்தில் இவர் பார்த்திய ராஜாக்களின் வெள்ளிக்காசுகளைச் சேர்த்தார். இன்றைய ஈரான் பக்கம் ஈராயிரம் வருடங்களுக்கு முன் ஆண்டவர்கள். ஒரு பக்கம் ராஜாவின் முகம், இடப்பக்கம் பார்த்தபடி. மறுபக்கம் எல்லாக் காசிலும் ஒரே ஆள், வில்லோடு உட்கார்ந்திருப்பார். தாடி நீளத்தையும் கிரீடத்தையும் தேய்ந்துபோன கிரேக்க எழுத்தையும் வைத்து, இது இன்ன ராஜா என்று மாமா கண்டுபிடிப்பார். "பொண்டாட்டி மூஞ்சிய இப்படிப் பார்த்திருப்பாரா இந்த மனுசன்?" என்பாள் அவர் மனைவியான அத்தை.

ஞாயிறு காலை ஈப்போவில் கூடும் பழைய பொருள் சந்தையில் மாமாவுக்குத் தனி மரியாதை. பழங்காசு வைத்திருக்கிறவர்கள் அவரிடம் நீட்டி, நிஜமா போலியா என்று கேட்பார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். போலி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. தன்னிடம் வந்து சேர்ந்த ஒரு போலிக்காசை வீட்டு முன்னிருந்த சாக்கடையில் அவர் வீசியதை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று வந்த மாமா என் முடியை ஒதுக்கிப் பார்த்தார். "இதுக்கா அழுவுற? இதே எடத்துல மரு உள்ள ராஜா ஒருத்தர் இருக்காருலா. காசுல அதையும் சேர்த்தே அடிக்க வச்ச ஆளு."

"பொய்."

"வாங்கிக் காட்டுறேன். காட்டுனா ஆடுவியா?"

"நெசக் காசா இருந்தா ஆடுறேன்."

காசு தபாலில் வந்தது. மாமா லென்ஸை வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் தடவினார். பெருமூச்சு விட்டார். ராஜபக்தி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு லென்ஸை என் கையில் கொடுத்தார்.

ராஜாவின் நெற்றியில் மரு இருந்தது! கூச்சமே இல்லாமல் தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தார் மனிதர். காசைத் திருப்பினேன். வில்காரரின் முழங்காலிலும் ஒன்று இருந்தது.

"மாமா, இவருக்கும் இருக்கு."

"அவரு இவங்க பாட்டன்லா. குடும்பத்து மரு."

நாற்காலியின் காலிலும் ஒன்று இருந்தது. அதை நான் கேட்கவில்லை.

ஆனாலும் நான் லேசில் நம்புகிறவள் இல்லை. சந்தையில் பழங்காசு விற்கும் சீனக் கடைக்காரர், எல்லாரும் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடுகிறவர், அவரும் சொல்லவேண்டும் என்று அடம்பிடித்தேன். தவுக்கே லென்ஸில் பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கடியில் மாமாவின் செருப்பு அவர் கால்மேல் ஏறியது. இட நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன். தவுக்கே மாமாவைப் பார்த்தார், கண்ணை மறைத்த என் முடியைப் பார்த்தார். "ராஜா பெத்துல்," என்றார். மலாயில், நிஜ ராஜாதான் என்று.

ஆடினேன். முடியை வழித்துச் சீவி, மருவுக்குப் பக்கத்தில் சுட்டி ஆட, தலையை நிமிர்த்தி ஆடினேன். முன்வரிசையில் மாமா தப்பான இடத்திலெல்லாம் கைதட்டினார்.

அதோடு விட்டேனா? அடுத்த ஞாயிறு அந்தக் காசைச் சந்தை முழுக்கக் கொண்டுபோய், மாமா கண்டுபிடித்த ராஜா என்று கடை கடையாகக் காட்டினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மாமா என் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அவரைக் கண்டாலே, "ராஜா அப்பா கபார்?" என்று மலாயில் ராஜாவின் நலம் விசாரிப்பார்கள். மாமா தலையைச் சொறிவார். ராஜாவின் சார்பில் நான்தான் "பாயிக்!" என்று, நலம் என்ற பொருளில், பெருமையாகப் பதில் சொல்வேன்.

காசை வார்க்கும் அச்சில் காற்றுக்குமிழி இருந்தால் அந்த இடம் பரு கட்டும், சுத்தியலால் அடித்த நிஜக் காசில் அப்படி வராது என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்படி ஒரு ராஜா இருந்தது உண்மை. ஆனால் மாமாவின் காசுத் தட்டில் இன்றும் முதல் இடத்தில் இருப்பது அவருடைய நிஜக் காசு இல்லை, பரு கட்டிய அந்தப் போலிதான்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சந்தையில் மாமாவிடம் காசை நீட்டிக்கொண்டு அதன்பிறகு யாரும் வருவதில்லை என்பதுதான். நல்லதாகப் போயிற்று, இனி மாமா முழுக்க முழுக்க எனக்குத்தான் என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கச்சான் கடலை தின்றபடி நடந்தேன்.