குழந்தையின் வயிற்றில் என் போன் நம்பர்

படம் வரைந்து சம்பாதிக்க நினைக்கிறவளுக்கு அறிவுரை சொல்ல எங்கள் பக்கத்தில் தனித் தகுதி எதுவும் தேவையில்லை. எனக்குச் சொன்னவள் நைட்டி விற்கிறவள். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள், என்னைவிட எட்டு வயது சின்னவள். ஆரம்பாக்கத்தில் ஒன்றாகத்தான் காலை ரயில் ஏறுவோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நைட்டி போட்டு விற்பதால் உலகத்து வியாபாரமெல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு. பாதி உண்மைதான், அவளிடம் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் டேப்லெட்டில் குடும்பப் படம் வரைகிறேன். வெவ்வேறு போட்டோவில் இருப்பவர்களை ஒரே படத்தில் சேர்த்து நிறுத்துவேன். வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை வந்து நிற்பார், செத்துப்போன தாத்தா நடுவில் நாற்காலி போட்டு உட்காருவார். ஆனால் வரைந்ததெல்லாம் சொந்தக்காரர்களுக்கு. "பாப்பா நல்லா வரையுது" என்று ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முப்பத்தாறு வயதில் பாப்பா!

அந்த மாதம் கம்பெனியில் என்னை லைன் லீடர் ஆக்குவதாகச் சொன்னார்கள். சம்பளம் ஏறும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எனக்கு வரையக் கிடைப்பதே ஞாயிறு ஒன்றுதான். திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்றார், அதைவிட உபயோகமில்லாத பேச்சு கிடையாது. கடைசியில் நானே எனக்கு ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன். முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள், திங்கட்கிழமைக்குள், என்னிடம் படம் கேட்கவேண்டும். கேட்டால் லீடர் வேலை வேண்டாம். கேட்காவிட்டால் டேப்லெட்டைப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கக் கொடுத்துவிடுவது. சொந்தக்காரர்கள் கணக்கில் சேர மாட்டார்கள்.

இதை ரயிலில் சொன்னேன். நைட்டிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். நான் மாதிரிப் படத்தையே முழுசாக, சுத்தமாக அனுப்பிவிடுவதுதான் குறையாம்.

"அப்பிடியே எடுத்துக்கினு போய்க்கினே இருப்பாங்கக்கா. குறுக்கால உன் நம்பரப் போடு, பெருசா. காசு கட்றதுக்கும் அதே நம்பர வெச்சிக்க."

அதற்கு வாட்டர்மார்க் என்று பெயர் என்றாள். சரியென்று, கையில் இருந்த காதுகுத்துப் படத்தில் போட்டேன். வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவில் ஒருவர், தன் தங்கை மகனுக்காகக் கேட்டிருந்தார். குழந்தை, அதைத் தூக்கிக்கொண்டு தாய்மாமனாக அவர், நடுவில் போன வருடம் தவறிப்போன தாத்தா. பத்து இலக்கமும் குழந்தையின் வயிற்றில் ஆரம்பித்து மாமனின் மீசையில் முடிந்தன. வியாழக்கிழமை மாதிரி அனுப்பினேன். சனிக்கிழமை ஓவர்டைம் முடிந்து வந்து, நம்பர் இல்லாத நல்ல படத்தை அனுப்பினேன்.

ஞாயிறு காலை இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் டிங் என்றது. யாரோ ஐந்நூற்றொரு ரூபாய் அனுப்பியிருந்தார். தெரியாத பெயர். அடுப்பை அணைப்பதற்குள் இன்னொரு டிங். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நைட்டிக்காரிக்குப் போன் போட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை, "ஃபேன்ஸுக்கா" என்றாள். நானும் நம்பினேனே, அதைச் சொல்லவேண்டும். கண்ணாடியில் போய் முகம் பார்த்துக்கொண்டேன். லீடர் வேலை வேண்டாம் என்பதை எவ்வளவு பணிவாகச் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

ஏழாவது டிங்கில் ஒரு குறிப்பு இருந்தது. 'காதுகுத்துக்கு வர முடியல, மொய்.'

அட கஷ்டகாலமே. ஆட்டோ பிடித்து கும்மிடிப்பூண்டி போனேன். மண்டபத்துக்குத் திரும்பும் முனையில், ஒரு ஆள் உயரத்துக்கு, வயிற்றில் என் நம்பரோடு குழந்தை சிரித்தது. நல்ல படத்துக்குக் காத்திராமல் வெள்ளிக்கிழமையே மாதிரியை ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டிவிட்டார்கள். மண்டபத்தில் மாமனைப் பிடித்து, குறுக்கே நம்பர் ஓடுகிறதே, கண் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"ஃபிளெக்ஸுன்னா நம்பர் இருக்கத்தான செய்யும்? நா டிசைனுன்னு நென்ச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மீசையை நிஜமாகவே அழித்திருப்பேன். பார்த்தவர்கள் எல்லாம் மொய் அனுப்பத்தான் நம்பர் போட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரசிகர்கள் போன வேகத்தில் அழுகை முட்டியது. மண்டபமாயிற்றே என்று அடக்கிக்கொண்டு, மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். சித்தப்பா வீடு, மணவாள நகர் சம்பந்தி என்று மாமன் அடையாளம் சொல்லி எழுதிக்கொண்டு வந்தார். ஒரு பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆள் அனுப்பியது ஒரே ஒரு ரூபாய், அதுவும் முந்தின நாளே. ஓவர்டைமில் நான் கவனிக்கவில்லை.

மாமன் முகம் சிவந்துவிட்டது. ஒத்த ரூபாய் மொய் வைத்துக் குடும்பத்தையே அவமானப்படுத்துகிறான், யாரென்று கேள், ஸ்பீக்கரில் போடு என்றார். எனக்கும் யாரையாவது திட்டவேண்டும் போலத்தான் இருந்தது. போட்டேன்.

எடுத்தவர் செவ்வாப்பேட்டைக்காரர். எந்தக் காதுகுத்தும் தனக்குத் தெரியாது என்றார். நேற்று இங்கே ஒரு கம்பெனிக்கு லோடு இறக்க வந்தாராம். டீக்கடையில் நின்று ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடுவில் இருக்கும் பெரியவர் உயிரோடு இல்லை, அது வரைந்தது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நம்பர் சரிதானா என்று பார்க்க ஒரு ரூபாய் போட்டாராம். பெண் பெயர் வந்ததும் கூப்பிடக் கூச்சமாக இருந்ததாம்.

"எங்கம்மா போட்டோ ஆதார்ல இருக்கிற ஒண்ணுதாங்க. அதுல மொறச்சிக்கினு இருக்காங்க. சிரிக்கிற மாதிரி போட முடியுங்களா?"

மாமன் பேனாவை மூடிவைத்தார். முன்பின் தெரியாத ஆள் ஒருவழியாக வந்துவிட்டார் என்று சந்தோஷமாக இருந்தது. ஒருவர் தவறிப்போன அம்மாவைப் பற்றிப் பேசும்போது சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அம்மா எப்படிச் சிரிப்பார்கள் என்று கேட்டேன். சிரிப்பில் ஆளுக்கு ஆள் கன்னம் மாறும், தெரியாமல் வரைய முடியாது.

வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள் என்றார். முன்பல் இரண்டு கிடையாதாம், அவர் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டதாம்.

அப்படியானால் கையையும் சேர்த்து வரைந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. கைய எடுத்துடுங்க. நா பாத்ததே இல்ல."

திங்கட்கிழமை கம்பெனியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு முழுக்க, இரண்டு பல் இல்லாத ஒரு சிரிப்பை வரைந்துகொண்டிருந்தேன்.